மாநகர சபை பொலிஸாரை வேலைக்கு எடுக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

(ஊர்ச் சபை, வரி, அலுவலக நடைமுறை பற்றிய வாசகர் கேள்விகளுக்கு இந்தப் பக்கத்தில் பதில் எழுதுகிறவர், கிழக்கில் உள்ளூராட்சி சபையின் கணக்குப் பகுதியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.)

அக்கா, என் தங்கச்சி குடும்பம் அமெரிக்காவில் ஒரு நடுத்தர நகரத்தில் இருக்கிறது. அங்கே நகர சபை கூடி, புதிதாகப் பொலிஸாரைச் சேர்க்க மத்திய அரசிடம் மானியம் கேட்டு விண்ணப்பிப்பது என்று தீர்மானம் எடுத்திருக்கிறதாம். இங்கே எங்கள் ஒழுங்கையில் வீடுகளில் தண்ணீர் மோட்டார் களவு போகிறது. இருட்டினால் சந்தியில் ஐஸ் போதைப்பொருள் கைமாறுகிறது. கேட்டால் ஆள் பற்றாக்குறை என்கிறார்கள். எங்கள் மாநகர சபையும் வெளிநாட்டு உதவி எடுத்தாவது பொலிஸாரைக் கூட்டினால் என்ன?
– வாசகர், மட்டக்களப்பு நகர்

முடியாது தம்பி. எங்கள் சட்டப்படி மாநகர சபைக்குப் பொலிஸ் வைத்திருக்கும் அதிகாரம் இல்லை. மட்டக்களப்புக்கும் இல்லை, கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இல்லை, கொழும்புக்கும் இல்லை. இலங்கையில் பொலிஸ் என்பது ஒரே திணைக்களம். 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம்தான் அதன் அடிப்படை. சம்பளம் திறைசேரியிலிருந்து வருகிறது. எந்த நிலையத்துக்கு எத்தனை பேர் என்பதும் மேலே தீர்மானமாகி வருவதுதான். நாளைக்கு ஒரு வெளிநாடு எவ்வளவு பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தாலும் எங்கள் மேயரால் ஒரு கொஸ்தாபலைக்கூட நியமிக்க முடியாது.

ஆனால் உங்கள் தங்கச்சியின் ஊரில் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மானியத்தில் ஆள் எடுப்பது என்றால் என்ன என்பது எங்கள் சபை உறுப்பினர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

அமெரிக்காவில் ஏறத்தாழ 18 ஆயிரம் தனித்தனிச் சட்ட அமலாக்க அமைப்புகள் உள்ளன. பெரும்பாலான நகரங்களில் பொலிஸ் தலைவரை நியமிப்பதும் சம்பளம் கொடுப்பதும் அந்தந்த நகர நிர்வாகம்தான். அதற்கான பணம் பெரும்பாலும் ஊர்மக்களின் சொத்து வரி, விற்பனை வரியிலிருந்து வர வேண்டும். நூலகம், பூங்கா, தெரு, குப்பை எல்லாம் இருக்கும் அதே பட்ஜெட்டில்தான் பொலிஸும் இருக்கிறது. ஆகவே ஒரு ஆளைக் கூட்டினால் வேறொன்றைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் வரியைக் கூட்ட வேண்டும். அங்கேதான் மத்திய அரசின் மானியம் வருகிறது.

1994 செப்டெம்பரில் ஜனாதிபதி கிளின்டன் ஒரு பெரிய குற்றத்தடுப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அந்தச் சட்டத்தை வைத்து நீதித் திணைக்களத்தில் ஓர் அலுவலகம் உருவானது. அதைச் சுருக்கமாகக் 'கொப்ஸ்' என்கிறார்கள். நாடு முழுவதும் 1 இலட்சம் பொலிஸாரைக் கூடுதலாகத் தெருவுக்கு இறக்குவதுதான் அப்போது சொன்ன இலக்கு. நகரங்கள் விண்ணப்பிக்கும், அலுவலகம் தெரிவு செய்யும், தெரிவான நகரத்துக்குப் புது ஆட்களின் சம்பளத்தில் ஒரு பங்கு கிடைக்கும். பொலிஸார் ஊர்மக்களோடு சேர்ந்து எந்தப் பிரச்சினையைத் தீர்க்கப்போகிறார்கள் என்பதையும் விண்ணப்பத்தில் எழுத வேண்டும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். வழமையான விதிப்படி, புதிதாகச் சேருகிறவரின் ஆரம்பச் சம்பளம், சலுகைகளில் 75 வீதம்வரை மூன்று வருடத்துக்கு மத்திய அரசு தரும். மிச்சம் 25 வீதமாவது நகரம் போட வேண்டும். அதோடு ஓர் உச்சவரம்பும் உண்டு: ஓர் ஆளுக்கு மூன்று வருடத்துக்கும் சேர்த்து 1,25,000 டொலருக்கு மேல் இல்லை. ஒரு பேச்சுக்கு, ஒருவருக்கு வருடம் 90,000 டொலர் செலவாகிறது என்று வையுங்கள். மூன்று வருடத்துக்கு 2,70,000. அதில் 75 வீதம் என்றால் 2,02,500 வர வேண்டும். ஆனால் வரம்பு இருப்பதால் 1,25,000தான் வரும். நகரம் 1,45,000 போட வேண்டும். அதோடும் முடியவில்லை. மானியம் முடிந்த பிறகு குறைந்தது 12 மாதம் அந்த ஆளைச் சொந்தக் காசில் வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நான்காம் வருடத்தையும் சேர்த்தால் மொத்தச் செலவு 3,60,000. அதில் மத்திய அரசின் பங்கு மூன்றில் ஒன்றைவிடக் கொஞ்சம்தான் கூட. வாகனம், உபகரணம், மேலதிக நேரக் கொடுப்பனவு எதுவும் இதற்குள் அடங்காது.

இன்னொரு நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்தது. ஏற்கெனவே தன் பட்ஜெட்டில் பொலிஸுக்கு ஒதுக்கிய பணத்தை நகரம் உருவிக்கொண்டு, அந்த இடத்தை மானியத்தால் நிரப்பக் கூடாது. கூடுதலாக ஆள் வேண்டும் என்று கேட்டால் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும். கணக்குப் பகுதியில் இருந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். ஒரு தலைப்பில் வந்த காசு இன்னொரு தலைப்பின் ஓட்டையை அடைப்பதை நாங்கள் எத்தனை தரம் பார்த்திருக்கிறோம்!

எல்லோருக்கும் கிடைப்பதும் இல்லை. 2009இல் பொருளாதாரம் விழுந்த நேரம் அந்த நாட்டு அரசு இந்த வேலைக்கென்று 100 கோடி டொலர் ஒதுக்கி, நகரத்தின் பங்கு தேவையில்லை என்றும் சொன்னது. 7 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் விண்ணப்பித்து, 800 கோடி டொலருக்கும் மேல் கேட்டன. அதாவது கேட்டதில் எட்டில் ஒரு பங்குக்குத்தான் காசு இருந்தது.

ஆகவே உங்கள் தங்கச்சியிடம் சொல்லுங்கள்: அடுத்த சபைக் கூட்டத்துக்குப் போனால் "எத்தனை பேர் எடுக்கிறீர்கள்" என்பதோடு நிறுத்தாமல், "நான்காம் வருடச் சம்பளம் எந்தத் தலைப்பில் இருக்கிறது" என்றும் கேட்கச் சொல்லுங்கள். பதில் தயாராக இருந்தால் விண்ணப்பிக்கட்டும், நல்ல விஷயம்தான்.

இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரத்துக்கு வந்த உதவிகளை வவுச்சர் வவுச்சராகப் பார்த்தவள் நான். அந்த உதவி வந்திராவிட்டால் நாங்கள் எழும்பியிருக்க மாட்டோம், அதை ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சபையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நிறுவனம் குப்பை அகற்ற ட்ராக்டர்கள் தந்தது. திட்டம் ஓடும் காலம்வரை சாரதிக்கும் உதவியாளருக்கும் சம்பளமும் தந்தது. வேலை அருமையாக நடந்தது. திட்டம் முடிந்த மாதம் சம்பளப் பட்டியல் எங்கள் மேசைக்கு வந்தது. சோலைவரியாக வருவதில் அதற்கு இடமே இல்லை. நிரந்தரமாக எடுக்க மேலிடத்து ஆளணி அனுமதியும் இல்லை. வேலை பழகிய பையன்கள் ஒவ்வொருவராகக் கட்டாருக்குப் போனார்கள். ஒரு ட்ராக்டர் டயருக்குக் காசில்லாமல் முற்றத்திலேயே நின்றது. அந்தப் பையன்களில் ஒருவருடைய தாய் மாதாமாதம் வந்து "மகனுக்கு நிரந்தரம் வருமா" என்று கேட்பார். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தது நான். காசு தந்த நிறுவனம் அப்போது வேறு நாட்டில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

சரி, எங்கள் பக்கத்துக்கு வருவோம். மாகாணத்துக்குப் பொலிஸ் என்ற ஏற்பாடு எங்கள் அரசியலமைப்பில் எழுத்தில் இருக்கிறது. 1987இன் 13ஆவது திருத்தம் மாகாணப் பொலிஸ் பிரிவையும், அதற்குப் பொறுப்பாக ஒரு பிரதிப் பொலிஸ்மா அதிபரையும் பற்றிச் சொல்கிறது. அந்தப் பகுதி இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. கிழக்கு மாகாண சபைக்கு 2008இலும் 2012இலும் தேர்தல் நடந்தது. 2017இல் சபையின் காலம் முடிந்தது. அதன் பிறகு தேர்தலே இல்லை. உள்ளூராட்சித் தேர்தல் மட்டும் 2025 மே மாதம் நடந்து, உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். எங்கள் வாக்குக்கு நேரடியாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களிடம் பொலிஸ் இல்லை. பொலிஸை வைத்திருக்கிறவர்கள் எங்கள் வட்டாரத்தில் வாக்குக் கேட்டு வருவதில்லை. இது எனக்குப் பெரிய மனக்குறை, மறைக்க மாட்டேன்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. "ஆள் பற்றாக்குறை" என்று யாரும் சொன்னால், எவ்வளவு பற்றாக்குறை என்று எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. பொலிஸ் திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் போடுங்கள். இந்த நிலையத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை, இன்று கடமையில் இருப்பவர்கள் எத்தனை, அவர்களில் தமிழில் முறைப்பாடு எழுதக்கூடியவர்கள் எத்தனை, பெண் உத்தியோகத்தர் எத்தனை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்குப் பிறகு ஆணைக்குழு. பதில் வந்ததும் அந்தத் தாளை உங்கள் வட்டார உறுப்பினரிடமும், மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் உட்காரும் பாராளுமன்ற உறுப்பினரிடமும் கொடுங்கள். அந்தக் கூட்டத்துக்குப் பொலிஸ் அதிகாரிகளும் வருவார்கள். வெறும் குறையாகச் சொன்னால் "பார்ப்போம்" என்பார்கள். இலக்கத்தோடு கேட்டால் அப்படித் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

அப்புறம், மாநகர சபையின் கையில் உள்ளதைச் சபையிடம் கேளுங்கள். தெருவிளக்கு சபையின் வேலை. எரியாத விளக்குத் தூண்களின் இலக்கங்களை எழுதி, ஒழுங்கையில் உள்ள எல்லோரும் ஒப்பமிட்டுக் கொடுங்கள். பற்றை பிடித்துக் கிடக்கும் காணிகளின் சொந்தக்காரருக்கு அறிவித்தல் அனுப்பச் சொல்லுங்கள். அதிலும் முக்கியமாக, களவு போன தண்ணீர் மோட்டார் எங்கே போகிறது என்று யோசித்தீர்களா? செம்புக் கம்பிக்காக உடைபட்டுப் பழைய இரும்பு வாங்கும் இடத்துக்குத்தான் போகிறது. உள்ளூர் வியாபாரங்களுக்கு வருடாவருடம் அனுமதியும் வரியும் சபையின் விஷயம். பழைய இரும்பு வாங்குகிறவர்கள், விற்க வருகிறவரின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும் என்று உபவிதி கொண்டுவரும்படி உங்கள் உறுப்பினரை ஒரு பிரேரணை வைக்கச் சொல்லுங்கள். நேர்மையாகத் தொழில் செய்கிற வியாபாரிகள் இதை எதிர்க்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். களவுச் சாமான் என்று தெரியாமல் வாங்கிவிட்டு நீதிமன்றத்துக்கு அலைகிறவர்களும் அவர்கள்தானே.

ஐஸ் விஷயம் சபையால் தீராது. அது பொலிஸின் வேலையேதான். விற்கிற இடம், நேரம், வாகன இலக்கம் தெரிந்தால் 119க்குச் சொல்லுங்கள். ஆனால் தனியாகப் போய்ச் சந்தியில் நின்று சண்டை பிடிக்காதீர்கள் தம்பி. உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் வேண்டும்.

கட்டாக்காலி மாடு பிடிப்பது பொலிஸா, சபையா? இரவில் மோட்டார் சைக்கிளில் வரப் பயமாக இருக்கிறது.
– வாசகர், செங்கலடி

சபை. பிடித்து அடைத்து, சொந்தக்காரரிடம் தண்டமும் பராமரிப்புச் செலவும் அறவிட்டு விடுவிக்க வேண்டும். விபத்து நடந்துவிட்டால்தான் பொலிஸ். உங்கள் பிரதேச சபையின் தவிசாளருக்கு எழுத்தில் கொடுங்கள். பட்டிக்காரர்களையும் ஒரு நாள் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். வயல் விதைத்த காலத்தில் மேய்ச்சல் தரை இல்லாமல்தான் அவர்களும் மாட்டை றோட்டுப் பக்கம் விடுகிறார்கள். மேய்ச்சல் தரைக்கு வழி செய்யாமல் தண்டம் மட்டும் போட்டால் அடுத்த கிழமையும் அதே மாடுகள் அதே றோட்டில் நிற்கும்.

அம்மா, என் கழுத்துச் சங்கிலியை மோட்டார் சைக்கிளில் வந்தவன் அறுத்துக்கொண்டு போனான். முறைப்பாடு செய்யப் போனேன். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் லீவாம். நான் சொன்னதை இன்னொருவர் அரைகுறையாகக் கேட்டுச் சிங்களத்தில் எழுதினார். கையொப்பம் வைக்கச் சொன்னார், வைத்துவிட்டேன். என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பிழையா?
– வாசகி, படுவான்கரை

பிழை உங்களுடையது இல்லை மகள். சங்கிலி போன பதற்றத்தில், சீருடை போட்டவருக்கு முன்னால், "வாசித்துக் காட்டுங்கள்" என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? அதுவும் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு. சுற்றிவளைப்பில் பிள்ளையைக் கொண்டுபோன காலத்தில் நிலைய வாசலில் நின்ற தாய்மாரின் பிள்ளைகள் நாங்கள். அந்தப் பயம் ஒரு தலைமுறையில் போகாது.

ஆனால் உங்களுக்கு உரிமை இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அரசியலமைப்பின்படி தமிழும் அரசகரும மொழி. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழியும்கூட. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டக்கோவை, முறைப்பாட்டை வாய்மொழியாகச் சொன்னால் அதை எழுதி, சொன்னவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறது. வாசித்துக் காட்டுவது என்றால் உங்களுக்கு விளங்கும்படி. விளங்காத தாளில் கையொப்பம் வைக்கும் கட்டாயம் யாருக்கும் இல்லை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதே 1979ஆம் ஆண்டு வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடிபட்ட எங்கள் பிள்ளைகள் பலர், தங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பம் வைத்து வருடக்கணக்காகச் சிறையில் இருந்தார்கள். உங்களுடையது சங்கிலிக் களவு முறைப்பாடு, இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் வாசிக்காமல் ஒப்பம் வைக்கிற பழக்கத்தை நாங்கள் எல்லா இடத்திலும் விட வேண்டும். வங்கியிலும்தான்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். நடந்ததைத் தமிழில் நீங்களே ஒரு தாளில் எழுதுங்கள். நாள், நேரம், இடம், வந்தவன் எப்படி இருந்தான், எந்த நிற மோட்டார் சைக்கிள், சங்கிலி எத்தனை பவுண், யார் பார்த்தார்கள். நகைக்கடை பில் இருந்தால் அதன் போட்டோப் பிரதி. இரண்டு பிரதி எடுத்துப் பொறுப்பதிகாரியிடம் கொடுங்கள். ஒன்றில் திகதியும் ஒப்பமும் வாங்கிக்கொண்டு வாருங்கள். "முன்பு செய்த முறைப்பாட்டுக்கு மேலதிகமாக" என்று தலைப்புப் போடுங்கள். முன்பு செய்த முறைப்பாட்டின் இலக்கத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த இலக்கம் இல்லாமல் பிறகு ஒரு அலுவலும் நடக்காது. தனியாகப் போகாமல் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். பெண் உத்தியோகத்தர் வேண்டும் என்றும் கேட்கலாம்.

வாங்க மறுத்தால் அதே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தேசியப் பொலிஸ் ஆணைக்குழு, பொலிஸாருக்கு எதிரான பொதுமக்கள் முறைப்பாட்டை விசாரிக்கக் கடமைப்பட்டது. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் மட்டக்களப்பிலும் இருக்கிறது, கல்முனையிலும் இருக்கிறது. மொழி சம்பந்தமான குறையை அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்குத் தமிழிலேயே எழுதலாம்.

மேலே எழுதிய வாசகர் ஆள் எண்ணிக்கையைக் கேட்டார். உங்கள் நிலையத்தில் ஆள் இருந்திருக்கிறார், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதியும் இருக்கிறார். ஆனாலும் உங்கள் முறைப்பாடு உங்கள் முறைப்பாடாகப் பதிவாகவில்லை. கிழக்கில் இன்னும் பொலிஸார் வேண்டும் என்று எந்த அரசியல்வாதி பேசினாலும், எந்த நேரத்திலும் மேசையில் தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் இருப்பாரா என்பதை முதலில் கேட்க வேண்டும். ஒருவருக்கு லீவு என்றால் ஒரு நிலையமே ஊமையாகக் கூடாது.

எங்கள் கடைத்தெரு வியாபாரிகள் சேர்ந்து காசு போட்டு, பொலிஸுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்தால் இரவு ரோந்து கூடும் என்று பேசுகிறோம். கமராவும் பூட்ட யோசனை. சகோதரியின் அபிப்பிராயம் என்ன?
– வியாபாரி, கல்முனை

கமரா சரி. மோட்டார் சைக்கிள் வேண்டாம்.

நல்ல மனதோடுதான் கேட்கிறீர்கள் என்று தெரியும். உழைத்துச் சேர்த்த சரக்கு உள்ளே கிடக்க, கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்க முடியாத கஷ்டம் எனக்கு விளங்குகிறது. ஆனால் காசு எங்கிருந்து வருகிறதோ, பொறுப்பும் அந்தப் பக்கம்தான் சாயும். நீங்கள் வாங்கிக் கொடுத்த சைக்கிள் முதலில் உங்கள் கடைத்தெருவுக்கு வரும். அது இயல்பு. அப்போது பின்பக்க ஒழுங்கையில் தையல் மெஷினை வைத்துப் பிழைக்கும் பெண்ணின் வீட்டுக்கு யார் வருவார்? அவர் சந்தாப் பட்டியலில் இல்லையே. இன்னொரு பக்கம், சந்தா கொடுத்த ஒருவர்மேலேயே ஒரு முறைப்பாடு வந்தால் அந்த உத்தியோகத்தர் என்ன செய்வார்? அவரையும் தர்மசங்கடத்தில் மாட்டிவிடுகிறோம். நேர்மையான பொலிஸ்காரருக்கு நாங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, எங்களுக்கு அவர் கடமைப்படாமல் பார்த்துக்கொள்வதுதான்.

வாகனம் போதவில்லை என்றால் அதைத் திணைக்களத்திடம் கேட்கும் கடிதத்தை உங்கள் சங்கத் தலைப்பில் எழுதுங்கள். பிரதி ஒன்றைப் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவுக்கும் அனுப்புங்கள். கல்முனை வியாபாரிகள் கட்டுகிற வரி கொஞ்சமல்ல, கேட்கும் உரிமை உங்களுக்குத் தாராளமாக உண்டு.

கமரா பூட்டுவதென்றால் சங்கத்தின் பெயரில், ரசீதுகளோடு, கூட்டக் குறிப்பில் பதிந்து செய்யுங்கள். பதிவுகளை யார் பார்ப்பது, எத்தனை நாள் வைத்திருப்பது, பொலிஸ் கேட்டால் யார் எடுத்துக் கொடுப்பது என்பதை முதலிலேயே எழுதி வையுங்கள். றோட்டைத்தான் பார்க்க வேண்டும். எதிரில் உள்ள வீட்டு வாசலையும் ஜன்னலையும் பார்க்கும்படி பூட்டாதீர்கள். பராமரிப்புக்கும் ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள். கரையோர உப்புக்காற்றில் கமரா வருடக்கணக்கில் தாங்காது. திறப்பு விழாவுக்குச் செலவழிப்பதை அதற்கு வைத்திருந்தால் நல்லது.

நான் உயர்தரம் எழுதியிருக்கிறேன். பொலிஸில் சேர ஆசை. வீட்டில் "தமிழ்ப் பொம்பிளைப் பிள்ளைக்கு அது சரிவராது, கலியாணம் பேச ஏலாது" என்கிறார்கள். என்ன செய்ய, அன்ரி?
– வாசகி, திருக்கோவில்

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன் மகள், அவ்வளவு சந்தோஷம்.

வீட்டாரின் பயத்தைக் கோபமாக எடுக்காதீர்கள். அவர்கள் கண்ட காலம் அப்படி. இலங்கைப் பொலிஸில் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது 1950களில். ஆனால் ஒரு பெண் முதன்முதலாகப் பிரதிப் பொலிஸ்மா அதிபராக வந்தது 2020இல்தான், பிம்ஷானி ஜாசிங்ஆரச்சி. அவ்வளவு காலம் எடுத்திருக்கிறது. தமிழ்ப் பெண்கள் இன்னும் மிகக் குறைவு. படுவான்கரை வாசகியின் கடிதத்தை உங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அந்த மேசையில் நீங்கள் இருந்திருந்தால் அவருக்கு என்ன நடந்திருக்கும் என்று அம்மாவே சொல்லட்டும்.

வயது, உயரம், கல்வித் தகைமை எல்லாம் ஆட்சேர்ப்பு அறிவித்தலில் வரும், காலத்துக்குக் காலம் மாறும். திணைக்களத்தின் இணையத்தளத்தையும் வர்த்தமானியையும் பார்த்துக்கொண்டிருங்கள். யாராவது "காசு தந்தால் எடுத்துத் தருகிறேன்" என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். இப்போதிருந்தே காலையில் ஓடிப் பழகுங்கள். கோயில் கடற்கரைப் பக்கம் தோழிகளோடு போனால் வீட்டாரும் பேசாமல் விடுவார்கள். சிங்களம் படியுங்கள், அது பதவி உயர்வுக்கும் உதவும். பயிற்சிக்குத் தூர இடம் போக வேண்டிவரும் என்று அம்மா பயந்தால், மட்டக்களப்பில் கல்லடியிலேயே பொலிஸ் பயிற்சிக் கல்லூரி ஒன்று இருக்கிறது என்று சொல்லுங்கள். எங்கே அனுப்புவார்கள் என்பது அவர்களின் முடிவுதான், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அப்பாவை ஒருமுறை உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மகளிர் பிரிவுக்குக் கூட்டிப் போய், அங்கே வேலை செய்யும் பெண் உத்தியோகத்தரோடு பேச வையுங்கள். கடமை நேரம், இடமாற்றம், லீவு, தங்குமிடம் எல்லாம் அவரிடமே கேட்கட்டும். விண்ணப்பம் அனுப்பினால் எனக்கும் எழுதுங்கள். நேர்முகத் தேர்வுக்குக் கொண்டுபோக வேண்டிய சான்றிதழ்களை எப்படி உறுதிப்படுத்துவது என்று அடுத்த இதழிலேயே எழுதுகிறேன்.